திருவதிகைச் சாலையில்

பண்ருட்டிச் சந்தையின் பலாப்பழ மணத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றால், கெடில நதிக்கரையில் திருவதிகை வந்துவிடும். நதி என்று பெயரே தவிர, ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே நீரினும் மணலே மிகுதி. வீரட்டானேசுவரர் கோயிலின் விமானம் தேர் போன்ற அமைப்பும் சுதைச் சிற்பங்களும் உடையது. கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அங்கே என்ன வேலை என்று வாசகருள் சிலர் வினவக்கூடும். பிற சமயங்களில் காணப்படும் உண்மையையும் தூய்மையையும் புறக்கணித்தல் ஆகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே கற்பித்துவிட்டது. மேலும், குருமடத்தில் நமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் பெரிய புராணத்தை நடத்தியபோது, தமக்கையும் தம்பியுமாகிய இருவரின் கதை நம் மனத்தில் ஆழப் பதிந்தது. அக்கதை நிகழ்ந்த மண்ணை ஒருமுறை மிதித்துவர வேண்டும் என்னும் ஆவல் நெடுநாளாக நமக்கு இருந்தது.

தமக்கையின் பெயர் திலகவதியார். அவருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் மடிந்தார், பெற்றோரும் இறந்தனர். தாமும் உயிர்விடத் துணிந்த அந்த இளம்பெண், தம்பி மருள்நீக்கியாரின் அழுகைக்காகவே உயிர் வாழ்ந்தார். அந்தத் தம்பியோ வளர்ந்தபின் தமக்கையை விட்டு நீங்கிச் சமண சமயம் சார்ந்தார். பாடலிபுத்திரம் என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்னும் பெயரோடு பெரும்புகழ் பெற்றார். தமக்கை திருவதிகைக்கு வந்து, கோயில் முற்றத்தை விளக்கி மெழுகி, மலர் தொடுத்துக் காலம் கழித்தார். பின்னர்த் தம்பிக்குக் கொடிய சூலை நோய் கண்டது. அவர் தம் சமையற்காரரை அனுப்பித் தமக்கையை அழைத்தார். இவ்விடத்தில் சேக்கிழார் கூறுவதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். தமக்கை போகவில்லை. அங்கே வருவதற்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். தம்பிதான் இரவோடிரவாகப் பாயையும் உறியையும் கமண்டலத்தையும் விட்டொழித்து, வெண்ணிற ஆடை உடுத்து, நோயோடு நடந்து வந்து தமக்கையின் காலடியில் வீழ்ந்தார். அதன்பின் அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. திருநீற்றைக் கொடுத்தார், கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்.

நம் ஆண்டவர் கூறிய ஊதாரி மைந்தனின் கதையில் தந்தை ஓடிச்சென்று மகனைத் தழுவுகிறார். இங்கே தமக்கை தம் இடத்திலேயே நிற்கிறார். இரண்டிலும் கதவு திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் இரண்டிலும் நடந்து வந்தவன் பிரிந்து போனவனே. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். துன்புற்றவர் வீட்டுக்குப் போய், ‘நடந்தது நடந்துவிட்டது, நீதான் பெரிய மனது பண்ண வேண்டும்’ என்று அவரையே மேலும் நடக்கச் சொல்லும் வழக்கம் நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் உண்டு. அவ்வழக்கத்துக்கு வேதாகமத்திலும் இடமில்லை, பெரிய புராணத்திலும் இடமில்லை.

அக்கதைக்குத் தொடர்ச்சி ஒன்று உண்டு. அதைப் பிரசங்கிகள் பலர் விரைவாகக் கடந்து போவர். சமயம் மாறிய மருள்நீக்கியாரை, இப்போது திருநாவுக்கரசரை, பல்லவ மன்னன் நீற்றறையில் இட்டான், நஞ்சு ஊட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான். யாவற்றினின்றும் அவர் பிழைத்ததைக் கண்டு மன்னனும் சைவனானான். அவனை முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆராய்ச்சியாளர். காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். மனம் மாறிய மன்னன் செய்தது என்ன? பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலைக் கட்டினான் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதுகிறார். இடிக்கப்பட்டது எளிய இடமன்று. லோகவிபாகம் என்னும் சமண நூல் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், அவ்வூரோடு தொடர்புபடுத்திக் கூறப்படுகிறது. அத்துணைப் பழமையான கல்விக்கூடம் அது. நேற்றுவரை துன்புறுத்தப்பட்டவர் பக்கம் அரசன் வந்து சேர்ந்தான். வந்தவுடன் நேற்றைய நண்பர்களைத் துன்புறுத்தினான். அணி மாறியதேயன்றி மனம் மாறியதாக நமக்குத் தோன்றவில்லை. சமணர் இக்கதையை எழுதி, அது நம் கைக்குக் கிடைத்திருந்தால் அதில் வேறு விதமான கண்ணீர் இருந்திருக்கும். வரலாற்றில் இவ்விதம் அணி மாறியவர்கள் கிறிஸ்தவப் பேரரசர்களிலும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நலம்.

திருவதிகையைவிட்டு நீங்குமுன் மற்றொன்று. நாவுக்கரசர் கையில் உழவாரப்படை என்னும் புல் செதுக்கும் கருவி இருந்தது. அவர் உடலுழைப்பால் தொண்டு செய்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, பின்வந்த சுந்தரர் ஊருக்குள் புகாமல் அருகிலிருந்த சித்தவட மடத்தில் தங்கினாராம். புல் செதுக்கிய கைக்கு இத்துணை மரியாதை. சாலையில் அடுத்து நாம் காணப்போகும் ஊரை எண்ணும்போது இச்செய்தி நெஞ்சில் நின்றது.

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் அந்நெடுஞ்சாலை, பண்ருட்டியைத் தாண்டி முந்திரித் தோப்புகளினூடே தெற்கு நோக்கிச் செல்கிறது. சிறிது நேரத்தில் நெய்வேலியின் நுழைவாயில் வளைவு தெரியும். செம்மண் நிலம், அதன் கீழே பழுப்பு நிலக்கரி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதே தொடக்கம் என்பர். 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் நாட்டின் துணையோடு கட்டப்பட்ட அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. அம்முதல் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. நிறுவனமும் 2016இல் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் மாற்றிக்கொண்டது. நம் தலைமுறையினர் பலர் மண்ணெண்ணெய் விளக்கை விட்டு மின்விளக்கின் கீழ் அமர்ந்து படித்தனர் என்றால், அதில் நெய்வேலிக்கும் பங்குண்டு. நகரியத்தின் நிழல்தரும் மரங்களையும், நேர்த்தியான தெருக்களையும், பல சமயத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் வாழ்வையும் காணும் எவரும் அதைக் குறைத்துப் பேச மாட்டார்.

ஆனால் அந்த வெளிச்சத்துக்கு விலை கொடுத்தவர் உண்டு. ஒரு டன் நிலக்கரிக்காக ஐந்து கன மீட்டருக்கும் மிகுதியான மண்ணை அகற்ற வேண்டும். அம்மண்ணின் மேல்தான் ஊர்கள் இருந்தன. வயல், களம், குளம், அம்மன் கோயில், மாதா கெபி, கல்லறை யாவும் இருந்தன. நிலக்கரிப் படுகைக்குக் கீழே பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் வெள்ளக்காடாகாமல் இருக்கும். இறைத்த நீரில் ஒரு பங்கு நகரியத்துக்கும் பாசனத்துக்கும் சென்னைக்கும்கூடப் பயன்பட்டதுண்டு. சுற்றுப்புறத்து உழவரோ தங்கள் கிணறுகளின் நீர் மட்டம் கீழே போவதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் முறையிடுகின்றனர். ஊர் பெயர்ந்தோரின் பிள்ளைகள் பலர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சுரங்கத்தில் உழைக்கின்றனர். நிரந்தரப் பணி வேண்டும் என்னும் அவர்கள் கோரிக்கைக்கு ஒரு தலைமுறை வயதாகிவிட்டது. 2020 ஜூலை 1ஆம் நாள் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது இறந்தோரில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர்.

அத்தகைய குடும்பம் ஒன்றைப் பற்றி, பெயரும் ஊரும் தவிர்த்து, இங்கே எழுதலாம். எழுதுமாறு அவர்களே கேட்டுக்கொண்டனர். அண்ணன், தம்பி இருவர். தந்தை விட்டுச்சென்ற நிலத்தின் நடுவரப்பு ஒன்றைப் பற்றியும், வரப்பருகே நின்ற ஒட்டுமாமரத்தைப் பற்றியும் அவர்களுக்குள் வழக்கு. நிலம் சுரங்கத்துக்குப் போயிற்று. வரப்பும் மரமும் இன்று எத்தனையோ அடி ஆழப் பள்ளத்தில் வெறுங்காற்றாகி நிற்கின்றன. பகை மட்டும் போகவில்லை. பட்டா மூத்தவர் பெயரில் இருந்தமையால் இழப்பீடு அவர் கைக்கே வந்தது. தம்பிக்கு அவர் கொடுத்தது சொற்பம். பன்னிரண்டு ஆண்டுகள் பேச்சில்லை. அண்ணன் மகளின் திருமணத்தில் உறவினர் கூடி இருவரையும் ஒரே பந்தியில் அமர்த்தினர். கைகோத்து நிற்கவைத்துப் படமும் எடுத்தனர். மறுநாள் முதல் மீண்டும் பழைய மௌனம்.

ஒரு தவக்காலத்தில் அண்ணன் நம்மிடம் வந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அன்று. பங்கு இல்லத்துத் திண்ணையில், நாலுபேர் கேட்கவே பேசினார்.

“சாமி, தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீங்க கூட வந்தா நல்லது.”

“வருகிறோம். கையில் என்ன கொண்டு போகப் போகிறீர்?” என்று கேட்டோம்.

அவர் விடை சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் கழித்து முத்திரைத்தாளோடு வந்தார். தம் வீட்டு மனையில் பாதியைத் தம்பி பெயருக்கு எழுதியிருந்தார். அன்று மாலையே சென்றோம். தம்பி தழுவவுமில்லை, அழவுமில்லை. தாளை வாங்கிப் பள்ளியில் படிக்கும் மகளிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னார். மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்து, “அந்த ஒட்டுமாமரம் யாரு பக்கம் நின்னுது?” என்று கேட்டார்.

“உன் பக்கந்தான்டா.”

“அண்ணனுக்கும் சாமிக்கும் காப்பி போடு” என்றார் தம் மனைவியிடம்.

மனையைக் காட்டிலும் மாமரத்தைப் பற்றிய அந்த ஒரு சொல்தான் அவரைத் தொட்டது என்பது நம் எண்ணம். ஆனால் மனை எழுதப்படாமல் அந்தச் சொல் மட்டும் வந்திருந்தால் அதை அவர் நம்பியிருக்கமாட்டார்.

நம் முன்னோர் படித்த பழைய ஞானோபதேசம், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து என்றது. பாவங்களை நினைத்துப் பார்த்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்யேன் என்று உறுதி கொள்ளுதல், குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல் என்பன அவை. ஐந்தாவதை நாம் மூன்று அருள் நிறைந்த மந்திரமாகச் சுருக்கிவிட்டோம். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை, எத்தனை செபமாலை சொன்னாலும் நீங்குவதில்லை என்பதும் அதே ஞானோபதேசத்தின் போதனைதான். சக்கேயு இதை யாரும் சொல்லாமலே அறிந்திருந்தான். ஆண்டவர் அவன் வீட்டுக்கு விருந்தாக வந்தார். அவனோ எழுந்து நின்று, பாதிச் சொத்து ஏழைகளுக்கு என்றும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் வாக்களித்தான். அதன் பின்னரே அவ்வீட்டுக்கு மீட்பு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தார். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்னும் கட்டளையும் அந்த வகையினதே.

சங்கத்துக்குப்பின் தமிழ்த் திருச்சபை இந்த அருட்சாதனத்துக்கு ‘ஒப்புரவு’ என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டது. நம் கருத்தில் இது பொருத்தமான தேர்வு. திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஒரு முழு அதிகாரமே பாடியிருக்கிறார். அங்கே அச்சொல்லுக்குச் சண்டை தீர்தல் என்று பொருளன்று. உள்ளவன் ஊருக்குப் பயன்பட வாழ்தல் என்று பொருள். ஊருணியில் நிறைந்த நீரையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும் அவர் உவமை காட்டுகிறார். ஊருணி இல்லாத ஊரில் ஒப்புரவு என்ற பேச்சு எடுபடாது என்று நெய்வேலிக்குச் சுற்றுப்புறத்தார் சொன்னால் அதில் பிழையில்லை.

சாலை வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்பை நோக்கிச் செல்கிறது. அப்பகுதியில் வளையமாதேவி உள்ளது. 2023 ஜூலை 26ஆம் நாள், பரவனாற்றை வேறு வழியில் திருப்பும் கால்வாய்க்காக மண் அள்ளும் இயந்திரங்கள் அங்கே பயிர் நின்ற வயல்களில் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, பணமும் கொடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் நியாயம். நட்டு, நீர்பாய்ச்சி வளர்த்த நெல் அறுவடை வரை பொறுத்திருக்கலாகாதா என்பது உழவரின் நியாயம். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவரே இக்காட்சியைக் குறித்து மனவேதனை தெரிவித்தார். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தருமாறு 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் பணித்தது. சட்டப்படி நிலம் யாருடையது என்பதற்கு ஆவணம் விடை சொல்லும். நெற்பயிரை அழிக்கலாமா என்று ஆவணத்திடம் கேட்க முடியாது. சோற்றைக் கீழே சிந்தினால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மக்கள் அல்லவா நாம்? அந்த வேதனைக்குத் தொகை குறிக்க எந்த அதிகாரிக்கும் இயலாது. எனினும் அந்த நாற்பதாயிரத்தையும் தராமல் ‘சமாதானக் கூட்டம்’ போட்டால், அக்கூட்டத்துக்கு அப்பெயரே பொருந்தாது.

தென் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களும் இதே கேள்வியோடு போராடினார்கள். நிறவெறி அரசு கோலோச்சிய 1985இல் அங்கிருந்த இறையியலார் பலர் ‘கைரோஸ்’ அறிக்கையை வெளியிட்டு, அநீதி நீடிக்கும்போதே ஒப்புரவைப் போதித்த திருச்சபைகளை வன்மையாகக் கண்டித்தனர். ஆட்சி மாறியபின் 1995இல் சட்டம் இயற்றி, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மைக்கும் ஒப்புரவுக்குமான ஆணையம் அமைத்தனர். கொலை செய்தவர் பொதுமக்கள் முன் உண்மையைச் சொன்னார். தாய்மார்கள் கேட்டு அழுதனர். உலகமே வியந்தது. ஆனால் பாதிக்கப்பட்டோருக்கு 2003இல் அரசு தந்தது தலைக்கு 30,000 ராண்டு மட்டுமே. ஆணையம் பரிந்துரைத்ததைவிட அது மிகக் குறைவு. ‘உண்மை சொன்னோம், ஒப்புரவு எங்கே’ என்று கேட்போர் அந்நாட்டில் இன்றும் உண்டு. நீதியின்றி அமைதியில்லை, மன்னிப்பின்றி நீதியும் நிலைக்காது என்னும் கருத்தைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002ஆம் ஆண்டு உலக அமைதி நாளுக்கான செய்தியில் விளக்கினார். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நம் பழக்கம். வலியவர் மன்னிப்பை எடுத்துக்கொள்கிறார்.

நிறுவனத்தையும் அரசையும் பற்றி எழுதுவது எளிது. நம் வீட்டையும் பார்க்க வேண்டும். நெய்வேலிக்கு மேற்கே, உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்தில் ஏறையூர் இருக்கிறது. செபமாலை மாதாவின் பெயரால் அமைந்த பழமையான, பெரிய பங்கு. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தது. அவ்வூரின் தலித் கத்தோலிக்கருக்குத் தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனி வழி என்ற ஏற்பாடு பல தலைமுறையாக இருந்தது. சகாய மாதா சிற்றாலயத்தைத் தங்களுக்குத் தனிப் பங்காக ஆக்கித் தருமாறு அவர்கள் கேட்டனர். 2008 மார்ச் 9ஆம் நாள், அதுவும் தவக்காலத்தில், கலவரம் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். மாண்டவரும் கத்தோலிக்கர், அடிபட்டவரும் கத்தோலிக்கர். அனைவரும் ஒரே அப்பத்தை உண்டவர்கள்.

தனிப் பங்கு கேட்பது பிரிவினை அல்லவா என்று அந்நாளில் நல்ல மனிதர் பலர் வருந்தினர். நாம் வேறுவிதமாகக் கருதுகிறோம். பிரிவினையைச் செய்தது தனிக் கல்லறை. தனிப் பங்கு கேட்டது அதன் விளைவு. திருநாவுக்கரசரின் தமக்கை போலத் தம் இடத்தில் நின்று, ‘நாங்கள் வருவதற்கில்லை, நீங்கள் வாருங்கள்’ என்று அம்மக்கள் சொன்னார்கள் என்று கொள்வதில் என்ன தவறு? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுகிறது என்பதை அதில் ஒளிவின்றி ஒப்புக்கொண்டது. உண்மையைச் சொல்லியாயிற்று, பழைய ஞானோபதேசத்தின் கணக்குப்படி நான்காவது காரியம் வரை வந்திருக்கிறோம்.

ஐந்தாவது காரியம் ஆயர் பேரவையால் ஆகக்கூடியதன்று. ஒவ்வோர் ஊரிலும் ஆகவேண்டியது. தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, பலிபீடப் பணியாளராக எந்தத் தெருப் பிள்ளைகள் நிற்கின்றனர், பங்குப் பேரவையில் யாருடைய சொல் எடுபடுகிறது, அசனத்தில் யார் சமைத்ததை யார் உண்கின்றனர் என்பவையே அதன் கணக்கு. நாம் அறிந்த ஊர் ஒன்றில் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே ஆளுயர இடைச்சுவர் நிற்கிறது. அண்மையில் அவ்வழியே சென்றபோது, அதை எடுக்க எவ்வளவு செலவாகும் என்று அங்கே வேலையாயிருந்த கொத்தனார் ஒருவரை விசாரித்தோம். இரண்டு ஆள், ஒரு நாள் கூலி என்றார். பழைய காலத்துச் சுட்ட செங்கல், நன்றாக இருக்கிறது, உடையாமல் எடுத்தால் வேறு எதற்காவது கட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.